அடகுக்கடை வாங்காத பதக்கங்கள்

இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்த தாத்தாவின் பதக்கம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால், எடுத்து விளிம்பைப் பாருங்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்பக்கத்தில், பொடி ஆங்கில எழுத்தில் ஏதோ வெட்டியிருக்கும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அந்தப் போரில் பெயர் பொறிக்காத பதக்கம்தான் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்க்குப் பெயரை வெட்டிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே தாத்தாவைத் தேடத் தொடங்கிவிடலாம். இப்போது பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் தொடங்கியும் விட்டார்கள்.

எண்பது வருடம் கழித்து அந்தப் பதக்கம் வீட்டில் எப்படி மிஞ்சியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல் எல்லாம் தாமிரக் கலவை, நிக்கல் கலவை. எந்த அடகுக்கடையும் வாங்காது. வாங்கியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அதே பெட்டியில் அவற்றின் பக்கத்திலேயே இருந்த கம்மலும் மூக்குத்தியும் கொலுசும் தாலிக்குண்டும் போய்விட்டன. அவற்றுக்கு விலை இருந்தது, வீட்டில் பசி இருந்தது. குடும்ப வரலாறு என்று நாம் துடைத்து ஃப்ரேம் போட்டு மாட்டுவது விலைபோகாமல் மிஞ்சியவற்றை. விலைபோனவை பெரும்பாலும் பெண்களுடையவை.

என் அம்மாவின் அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர் உண்டு. 1941இல் சேர்ந்தார். 1943இல் ஒரே ஒரு முறை லீவில் வந்தார். 1944இல் இம்பாலில் இருந்தார். 1946 டிசம்பரில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோடு திரும்பினார். அவருக்கு உரியதாக அந்தச் சர்டிபிகேட்டில் எழுதியிருந்த பதக்கங்களில் ஒன்று ஜெனரல் சர்வீஸ் மெடல். அது மட்டும் வெள்ளி. அது மட்டும் வீட்டில் இல்லை. ஆயா அதை 1950களில் ஒரு கோடையில் விற்றுவிட்டார்.

இந்த விற்பனை எங்கள் குடும்பத்தில் ஒரு குற்றமாகப் பதிவாகியிருக்கிறது. மாமா மகன் மூன்று வருடம் அலைந்து தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் தொகுத்திருக்கிறான். ஸ்பைரல் பைண்டிங், வண்ணப்படம், வரைபடம் எல்லாம் உண்டு. அவன் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஆயாவைப் பற்றி இரண்டே இடங்களில்தான் பேச்சு வருகிறது. ஒன்று, ‘அன்னாரின் துணைவியார் பொறுமையின் சிகரம்.’ இன்னொன்று, ‘ஒரு பதக்கம் துரதிர்ஷ்டவசமாக வீட்டாரின் அறியாமையால் கைவிட்டுப் போனது.’ வீட்டார் என்றால் யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளிக்குப் பதிலாக என்ன வந்தது என்று புத்தகத்தில் இல்லை. வந்தது என் அம்மாவின் பள்ளிக்கூடம். போர்க் காலத்தில் அடகுக்குப் போய் மீளாத ஆயாவின் நகைகளுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. வீரனின் வெள்ளி போனால் இழப்பு, அவன் மனைவியின் தங்கம் போனால் குடும்பச் செலவு. இந்தக் கணக்கைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். செத்தவர்கள் 87,000 பேர் அளவில். மதராசிக்குப் போர்க்குணம் போதாது என்று 1920களில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைக் கலைத்த ஆட்சி, ஆள் பற்றாக்குறை வந்ததும் அதை மறுபடி எழுப்பியது. இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. 25 லட்சம் ஆண்கள் வீட்டைவிட்டுப் போனால் அவர்களுடைய நிலத்தையும் மாட்டையும் கிழடான அப்பா அம்மாவையும் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை லட்சம் பேர்? அந்த எண்ணை யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றாத ஓர் ஆட்சி, அதைவிடத் தோன்றாத ஒரு சமூகம்.

ராணுவ ஆவணம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேடப் போகும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிப்பாயின் முழு விவரமும் இருப்பது ஷீட் ரோல் என்கிற தாளில். அதோடு சேர்ந்தது கின்ட்ரெட் ரோல்: அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயர். நம் பாட்டிகளின் பெயர் அரசாங்க மையில் எழுதப்பட்ட ஒரே இடம் பலருக்கு அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஓய்வூதியம் பெறாத சிப்பாயின் தாள்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது விதி. போருக்கென்று சேர்த்துப் போர் முடிந்ததும் அனுப்பிவிட்ட சிப்பாய்களுக்கு 15 வருடச் சேவை ஏது, ஓய்வூதியம் ஏது? அழியாமல் என்றைக்கும் இருக்க வேண்டியது லாங் ரோல் என்கிற பேரேடு மட்டும். அதில் அவருடைய எண், பெயர், சேர்ந்த தேதி, போன தேதி, போன காரணம். மனைவியின் பெயர் எழுதிய தாள் போகும். கணவனின் எண் எழுதிய பேரேடு நிற்கும். யாரும் பெண்களுக்கு எதிராகத் திட்டம் போட்டு இந்த விதியை எழுதியிருக்க மாட்டார்கள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தபோது அவர்கள் நினைவுக்கே வந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

போரில் இறந்தவர்களின் விஷயம் வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரைப் போட்டுத் தேடலாம். ரங்கூன் நினைவகத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள். நிறைய இந்தியப் பெயர்கள். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இன்ன ஊர், மெட்ராஸ் என்று இருக்கும். ஆங்கிலத்தில் குத்துமதிப்பாக எழுதிய அந்த மனைவிகளின் பெயர்களை ஒருநாள் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். கணவன் செத்தால்தான் அவர்களுக்கு ஏட்டில் இடம். உயிரோடு திரும்பியவனின் மனைவிக்கு அதுவும் இல்லை.

நான் தாத்தாவின் விவரம் கேட்டுப் படியேறிய ஓர் அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கேட்டார்: “பேரன் யாரும் இல்லையாம்மா? இருந்தா வரச் சொல்லுங்க, சுலபமா முடியும்.” அவர் கெட்டவர் இல்லை, நடைமுறையைச் சொன்னார். மாமா மகனுக்கு அவன் அப்பாவின் இனிஷியல், அந்த அப்பாவுக்குத் தாத்தாவின் இனிஷியல். இரண்டு தாளில் வழி தெரிந்துவிடும். என் இனிஷியல் என் அப்பாவுடையது. அம்மாவின் இனிஷியல் கல்யாணத்தோடு மாறிவிட்டது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆகவே தாத்தாவுக்கும் எனக்கும் நடுவில் தாளில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் என் அம்மா. பேரன் என்றால் பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பேத்தியும் பெயர்த்திதான் என்று தமிழ் சொல்லும். ஆவணம் சொல்லாது. எழுத்து வேலைக்கும் அலைச்சலுக்கும் பேத்தி வேண்டும், கையெழுத்துக்குப் பேரன் வேண்டும் என்பதைப் பல தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஐந்து வருடம் ஊரில் என்ன நடந்தது? மாமா மகனின் புத்தகம் இதை ‘காத்திருந்தார்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. பட்டாளத்துக்காரன் மனைவி என்றாலே இந்தச் சொல்தான். வாசற்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படம் மனதில் வரும். அப்படி உட்கார எந்த ஏழைப் பெண்ணுக்கு நேரம் இருந்தது?

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த மெட்ராஸ் மாகாணத்தில் விலை ஏறியது, பிறகு ரேஷன் வந்தது. மண்ணெண்ணெய், துணி எல்லாம் கண்ட்ரோல். எங்கள் ஆயா வயதுப் பெண்கள் அந்த வருடங்களையே ‘கண்ட்ரோல் காலம்’ என்பார்கள், போர் என்று சொல்ல மாட்டார்கள். அதே ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ் நகரமே காலியாகி ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். ஆயாவின் வீட்டுக்கு அப்படி ஏழு பேர் வந்தார்கள். ஊரை விட்டு ஓடிவந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஓடிவந்தவர்களுக்கு யார் களி கிண்டினார்கள்? ஆயாவுக்கு அப்போது பதினெட்டு வயது, இடுப்பில் இரண்டு வயதுப் பெண். பகலில் மல்லாட்டைக் கொல்லைக் கூலி, ராத்திரி பீடி.

சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு ராணுவத்தில் இருந்தது. மாதாமாதம் மணியார்டர் வந்தது. தாத்தாவின் அப்பா பெயருக்கு வந்தது. ஆயா அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாமனார் அதில் ஒரு ஜோடி உழவு மாடு வாங்கினார், பிறகு அரை ஏக்கர் நிலம். அந்த நிலம் இன்று மாமா வீட்டில் ‘தாத்தா போருக்குப் போய்ச் சம்பாதித்த நிலம்.’ மணியார்டரை நிலத்துக்கு விட முடிந்தது, ஏனென்றால் சோறு ஆயாவின் பீடியில் வெந்தது. இதை நான் கவித்துவமாகச் சொல்லவில்லை, வரவு செலவாகச் சொல்கிறேன். அந்த நிலத்தில் பாதி அவருடையது. பத்திரத்தில் அவர் கைநாட்டுகூட இல்லை.

பணம் தனக்கு வரவில்லை என்று கணவனுக்குச் சொல்லலாம் இல்லையா? எப்படிச் சொல்வது? 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. ஆயா சொல்ல வேண்டியதை ஊர் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வாத்தியார் எழுதியது தபாலில் போகும், வழியில் சென்சார் பிரித்துப் படிப்பான். அங்கே படிக்கத் தெரியாத தாத்தாவுக்கு இன்னொரு சிப்பாய் உரக்கப் படித்துக் காட்டுவான். நாலு ஆண்களின் வாய் வழியாக ஒரு பதினெட்டு வயதுப் பெண் தன் கணவனிடம் என்ன பேசியிருக்க முடியும்? ‘இவ்விடம் எல்லோரும் சுகம்.’ அப்படித்தான் எல்லாக் கடிதங்களும் இருக்கும். அந்தக் காலத்துச் சிப்பாய்க் கடிதங்களைச் சென்சார் அறிக்கைகளிலிருந்து எடுத்து ஆராய்கிறவர்கள் இந்தச் ‘சுகத்தை’ நம்பிவிடக் கூடாது.

1943 லீவுக்குப் பிறகு ஆயாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாதம் பேதி கண்டு இறந்தது. தாத்தா அந்தப் பிள்ளையின் முகம் பார்க்கவில்லை. இரண்டு லீவுக்கு நடுவில் பிறந்து இறந்த பிள்ளையை எந்த ரோலில் எழுதுவார்கள்? ஆயா யாரிடமும் அழுததில்லை. என் பெரியம்மாவிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார், பெரியம்மா என்னிடம் சொன்னார். பெரியம்மா பிறந்தது 1940. அடுத்து உயிரோடு நிற்கும் பிள்ளை மாமா, 1948. அந்த எட்டு வருட இடைவெளி எங்கள் குடும்பத்தில் போர் எழுதிவைத்த ஆவணம். உங்கள் வீட்டிலும் இருக்கும். பிள்ளைகளின் வயதை வரிசையாக எழுதிப் பாருங்கள். சர்வீஸ் ரெக்கார்டு கிடைக்காவிட்டாலும் தாத்தா எந்த வருடம் போய் எந்த வருடம் வந்தார் என்பது அதில் தெரிந்துவிடும். இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும்.

மாமா மகனின் புத்தகத்தில் தாத்தாவின் போர் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் அவர் ஊர் திரும்பிவிடுகிறார். நடுவில் பதினாறு மாதம் எங்கே? ஆயா விற்ற வெள்ளிப் பதக்கத்தின் பட்டைக்கு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கொடுத்த பெயர் ‘தென்கிழக்கு ஆசியா 1945-46.’ ஜாவா, சுமத்ரா, பிரெஞ்சு இந்தோசீனா ஆகிய இடங்களில் இருந்தவர்களுக்கு அது. இம்பாலில் இருந்த 23ஆம் இந்திய டிவிஷன் பிறகு ஜாவாவுக்குப் போனது. சுதந்திரம் அறிவித்துவிட்ட இந்தோனேசியாவில், டச்சுக்காரன் திரும்பி வர வழி செய்யும் வேலை. 1945 நவம்பர் 10 முதல் சுரபாயா நகரத்தின் மேல் குண்டு பொழிந்து தெருத்தெருவாகப் பிடித்தார்கள். இந்தோனேசியா அந்த நாளை இன்றும் வீரர் தினமாகக் கொண்டாடுகிறது. அவர்கள் எதிர்த்துச் சண்டையிட்ட படையில் பெரும்பாலானோர் இந்தியர். நம் தாத்தாக்கள். இந்தியப் படையை அங்கே பயன்படுத்தக் கூடாது என்று நேருவும் காங்கிரசும் அப்போதே கண்டித்தார்கள். சில நூறு இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு இந்தோனேசியர் பக்கம் போய்விட்டார்கள். தாத்தா போகவில்லை. அங்கே அவர் என்ன செய்தார், யார் வீட்டுக் கதவை உடைத்தார், உள்ளே இருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பது எந்தத் தாளிலும் வராது.

‘என் தாத்தா ஃபாசிசத்தை எதிர்த்தவர்’ என்று நெஞ்சு நிமிர்த்துவதற்கு முன்னால் பட்டையைப் படியுங்கள். எதிர்த்தும் இருக்கலாம், பதினைந்தே மாதத்தில் இன்னொரு அடிமை நாட்டை அடக்கியும் இருக்கலாம். இரண்டும் ஒரே சீருடைதான், ஒரே சம்பளம்தான். பெருமையை மட்டும் வாரிசுரிமையாக எடுத்துக்கொண்டு மற்றதை ‘அவர் வெறும் சிப்பாய், உத்தரவு’ என்று விடுவது ஒரு வசதி. அந்த வசதி பேரன்களுக்குப் பழக்கமானது.

திரும்பி வந்த தாத்தா ராத்திரியில் அலறி எழுவார். ஆயாவை அடிப்பார். காரணமில்லாமல், கையில் கிடைத்ததை எடுத்து. இதையும் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறான்: ‘ராணுவ ஒழுங்கு அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது; கண்டிப்பானவர்.’ மிலிட்டரிக்காரர் கோபக்காரர் என்று நம் ஊர்களில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், மீசைக்கு இன்னொரு முறுக்கு மாதிரி. எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. இருபது வயதில் கூலிக்குப் போர் செய்யப் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்து, சொல்ல ஒரு ஆளில்லாமல் திரும்பியவர். ஆனால் அந்தப் போரின் பாக்கியை முப்பது வருடம் உடம்பில் வாங்கியவர் ஆயா. அவருக்குப் பதக்கம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடித்ததை அடித்தது என்று எழுதுங்கள் என்கிறேன்.

“தாத்தாவைக் கேவலப்படுத்துறே,” என்று மாமா மகன் சொன்னான். தாத்தாவின் கதையில் ஆயாவைச் சேர்த்தவுடன் அது கேவலமாகிவிடும் என்றால், கேவலம் எங்கே இருந்தது என்று அவனே யோசிக்கட்டும்.

அரசுகளும் பேரன்கள் மாதிரியே யோசிக்கின்றன. 1945 செப்டம்பர் 12 அன்று பெங்களூருக்குப் பக்கத்தில் தொண்டேபாவி முகாமில் பயிற்சியின்போது வெடிக்க இருந்த குண்டைத் தன் உடம்பால் தடுத்து இறந்தவர் நாயக் கிர்பா ராம். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய இளம் மனைவி இமாச்சலப் பிரதேசத்தில் அறுபது வருடத்துக்கு மேல் கைம்பெண்ணாக வாழ்ந்தார். 2002இல் அந்தப் பதக்கம் அவர் வீட்டிலிருந்து திருடு போனது. 2009இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அப்போதுதான் பத்திரிகைகளுக்கு அவர் நினைவு வந்தது, ஏலம் நின்றது. அந்த மனுஷி இத்தனை வருடம் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தார் என்பது செய்தியாக ஒரு பதக்கம் காணாமல் போக வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியாவின் வீரதீர விருதுகளில், இறந்த வீரரின் மனைவிக்கு வரும் மாத உதவித்தொகை அவர் மறுமணம் செய்துகொண்டால் நிற்கும். ஒரு விலக்கு இருந்தது: கணவனின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் நிற்காது. பணம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அவளும் போகக் கூடாது. இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் எடுத்தது எப்போது தெரியுமா? 2017 நவம்பரில். தமிழ்நாட்டில் ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மாநில அரசு மாத உதவி தருகிறது. நல்ல ஏற்பாடு, வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கைம்பெண் உதவி எதுவானாலும் நம் நாட்டில் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று துரத்திக்கொண்டே வரும். எண்பது வயதுக் கிழவியிடம் அதைக் கேட்கும்போது எழுதுகிறவருக்கும் சிரிப்பு வருகிறது, கைநாட்டு வைக்கிறவருக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே வாங்கிவிடுகிறார்கள்.

கடல் கடந்த தமிழர்களிடமும் இந்தத் தேடல் நடக்கிறது, கணக்கு மாறவில்லை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பெருந்தொகையாகத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே செத்த வெள்ளைப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, பெரும்பாலானவற்றில் பெயர். தமிழ்த் தொழிலாளிக்குப் பெயர் எழுதிய கல் இல்லை. ஆகவே அங்கே பேரப்பிள்ளைகள் தாத்தாவைத் தேடும்போது அரசாங்கத் தாள் கைகொடுப்பதில்லை. கிழவிகளின் வாய்மொழிதான் கைகொடுக்கிறது. ஆண்கள் லாரியில் ஏற்றப்பட்ட பிறகு தோட்டத்து லயங்களில் மரவள்ளியைத் தின்று பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் “உங்க வீட்டுக்காரரை எப்பக் கூட்டிட்டுப் போனாங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் ரெக்கார்டரை அணைத்துவிடக் கூடாது.

அதே தோட்டங்களிலிருந்து வேறொரு வழியிலும் பெண்கள் போனார்கள். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். லட்சுமியின் பெயரும் ஜானகி தேவரின் பெயரும் நமக்குத் தெரியும். பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை தெரியாது. இங்கே இந்தியாவில் 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப்படையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். உங்கள் பாட்டி சீருடை போட்டிருந்தாரா என்று எத்தனை பேர் வீட்டில் கேட்டிருக்கிறோம்? தாத்தா போட்டிருந்தால் அது சுவரில் தொங்கும். பாட்டி போட்டிருந்தால் கல்யாணத்துக்கு முன்னால் அது பெட்டியடிக்குப் போயிருக்கும், வரன் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல்.

தாத்தாவைத் தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. தேடுங்கள். ஆனால் ரெஜிமென்ட் பதிவுக்கு மனுப் போடும் அதே வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் 1940களின் நிலப் பத்திரங்களுக்கும் வில்லங்கத்துக்கும் மனுப் போடுங்கள். என்ன வாங்கினார்கள், யார் பெயரில் வாங்கினார்கள் என்று பாருங்கள். வீட்டில் அடகு ரசீது ஒன்றாவது எங்காவது மடித்துக் கிடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த வருடம், இறந்த பிள்ளைகள் உட்பட. ‘அவர் போன பிறகு வீட்டில் யார் சமைத்தது, யார் கடன் வாங்கியது, யாரிடம், அவர் வந்த பிறகு எப்படி இருந்தார்?’ என்று அத்தைகளிடமும் பெரியம்மாக்களிடமும் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் கூடத்தில் இருக்கும்போது கேட்டால் ‘பொறுமையின் சிகரம்’தான் கிடைக்கும். உங்களுக்குத் தாய்வழித் தாத்தா என்றால் அம்மாவின் பள்ளிச் சான்றிதழை இப்போதே பத்திரப்படுத்துங்கள். அலுவலகத்தில் அந்தப் பள்ளத்தைத் தாண்ட அதுதான் பலகை.

எங்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு மாமா மகன் என்னிடம் திருத்தம் கேட்டான். 1941 முதல் 1946 வரையிலான பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் அவர், வலது பக்கம் ஆயா. 1942: அவர் பயிற்சி, ஆயா கம்மல் அடகு, ஏழு பேருக்குச் சமையல். 1943: அவர் லீவு, ஆயா கர்ப்பம். 1944: அவர் இம்பால்; ஆயா மகனைப் புதைத்தது. 1945: அவர் சுரபாயா, ஆயா மூக்குத்தி அடகு, நிலம் மாமனார் பெயரில். ‘வீட்டாரின் அறியாமையால்’ என்ற வரியை அடித்துவிட்டு, பதக்கம் விற்ற பணத்தில் என் அம்மா எத்தனையாவது வகுப்பு வரை படித்தார் என்று எழுதியிருக்கிறேன். பக்கம் அதிகமாகிறது, அச்சுச் செலவு கூடும் என்றான். வரைபடங்களில் ஒன்றைக் குறைக்கச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.